நீரர மகளிர்

"நெரோ" என்றாள் இளநகை.

சனிக்கிழமை காலை. வாரம் முழுக்கச் சேர்ந்த துணியைச் சமையலறைத் தரையில் கொட்டி, வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் வேதவல்லி. மூன்று வயது மகள் காலி டம்ளரை நீட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"தண்ணின்னு சொல்லு, தரேன்."

"நெரோ."

உள்ளறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டதும் வேதவல்லி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வந்துவிடுவார். வந்தேவிட்டார். பேனாவை மூடக்கூட மறந்துபோய், ஸ்வெட்டரில் மை பட, எழில்வேந்தன் மகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா, என்ன வேணும்?"

"நெரோ!"

"கேட்டியா வேதா? நீர்! கொழந்த வாயிலேர்ந்து தானா வருது. கடல் தாண்டிப் போயி, மூவாயிரம் வருஷம் ஆகியும் அந்த வேர் அப்படியே இருக்கு பாரு."

"தானா ஒண்ணும் வரல. பகல் பூரா கீழ போப்பிகிட்ட இருக்கா. அவங்க கிரேக்கம் பேசுறாங்க, இவளும் பேசுறா. சாயங்காலம் ஒக்காந்து நாலு வார்த்த தமிழ் சொல்லிக்குடுங்கன்னு நானும் எவ்வளவு நாளா கெஞ்சுறேன்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நீர், நெரோ, நீர், நெரோ" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார். குழந்தைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வேதவல்லிதான் எழுந்து பிடித்துக் கொடுத்தாள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சௌந்தரராஜன். திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது எழில்வேந்தன் ஆனார். பாஸ்போர்ட் மட்டும் பழைய பெயரிலேயே தங்கிவிட்டதால், டொராண்டோவில் அவர் வரைபடம் போடும் கட்டடக் கம்பெனியில் எல்லோரும் அவரை 'சவுண்ட்' என்று கூப்பிட்டார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கல்யாணமான புதிதில் வேதவல்லியையும் மறைக்கொடி ஆக்கப் பார்த்தார். வேதம் என்றால் மறையாம், வல்லி என்றால் கொடியாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னாள். சொன்னபடியே பார்க்கவும் இல்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். இருந்தாலும் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் முன்னால் இன்றைக்கும் 'என் துணைவி மறைக்கொடி' என்றுதான் அறிமுகம் செய்வார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிடுவாள்.

கிரேக்கர்கள் நிறைந்த டான்ஃபோர்த் பக்கம் வீடு கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அது சுலபமாகவும் கிடைக்கவில்லை. தொலைபேசியில் கேட்கும்போது காலியாக இருந்த வீடெல்லாம் இவர்கள் நேரில் போய் நின்றதும் சற்று முன்தான் வாடகைக்குப் போயிருக்கும். போப்பி ஒருத்திதான் கதவைத் திறந்ததும் முதலில் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துக்கொண்டு, அப்புறம் வாடகையைச் சொன்னாள். மாடியில் இவர்கள். கீழே அவளும், ஓட்டலில் சமையல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் அவள் புருஷனும். வேதவல்லிக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, குழந்தையை யாரிடம் விடுவது என்று அவள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே போப்பி இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள்.

போப்பியின் முழுப்பெயரைத் தபால்பெட்டியில் படித்த அன்று எழில்வேந்தன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். "கலியோப்பி! கலைத்தெய்வம் வேதா, ஒம்பது பேர்ல மூத்தவ. இனிய குரலுடையாள்னு பொருள். கலைங்கற நம்ம சொல்லுதான் தலையில நிக்குது பாரு." அந்த நேரம் கீழே இனிய குரலுடையாள், கறிக்கடைக்காரனைத் தொலைபேசியில் திட்டிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் தகரப் பெட்டியை இழுப்பது போல இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் தெய்வங்கள் இல்லாத நாளே இல்லை. ஆட்டுக்கால் உள்ள பான் என்கிற காட்டுத்தெய்வம் குழல் ஊதிக்கொண்டு திரியுமாம். அது நம் பாணனேதான். ஆளில்லாத காட்டில் அது கிளப்பும் திகிலிலிருந்துதான் ஆங்கிலத்தில் 'பேனிக்' என்கிற சொல் வந்ததாம். வேதவல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து கை கழுவினால், "ஹைஜீன்னு சொல்றீங்களே, அதுவே ஒரு பெண்தெய்வம் தெரியுமா? ஹைஜியா" என்று பின்னாலேயே வந்து நிற்பார். துண்டை எடுத்துக் கொடுக்க மாட்டார். நூலகத்து அகராதியில் அவர் நினைத்தது இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால் அது வெள்ளைக்காரன் செய்த சதி. 'நெரோ' என்பது 'புதிய தண்ணீர்' என்ற பழைய கிரேக்கத் தொடரிலிருந்து திரிந்தது, புதியது என்பதற்கான பாதிதான் மிச்சம் நிற்கிறது என்று அந்த அகராதியே சொல்கிறது. அதை அவரே அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "எப்படி மறைக்கிறான் பாத்தியா?" என்றார்.

பொங்கல் விழாவில் பேசுவதற்கு அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 'கிரேக்க அணங்குகளும் தமிழ் வேர்களும்' என்பது தலைப்பு. மற்ற தெய்வங்களெல்லாம் தோரணம் மாதிரிதான். நடுவில் நிற்கப்போவது ஒரே ஒரு சொல். கிரேக்கத்தில் ஊற்றுகளிலும் ஆறுகளிலும் வாழும் நீர்ப்பெண்களுக்கு நெராய்தா என்று பெயர். தமிழில் நீரர மகளிர். "நீரர, நெராய்த. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அவர் கேட்கும்போது வேதவல்லிக்கே ஒரு நிமிடம் சரியென்று பட்டுவிடும். அப்படிப் பட்டதற்காகவும் எரிச்சல் வரும்.

அவருக்கு உயிருள்ள ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை வாயால் புழங்கும் ஆள். அது கீழ்வீட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவைத்த துணிக்கூடையோடு நிலவறையிலிருந்து ஏறி வந்த வேதவல்லி, போப்பியின் சமையலறையில் அவர் குரலைக் கேட்டு நின்றாள். அவர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாக, செவிடருக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். "நெ-ராய்-தா. உங்கள் ஊரில் உண்டா? பார்த்திருக்கிறீர்களா?" போப்பி பதில் சொல்லாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அந்த முதுகைப் பார்த்தே வேதவல்லிக்குப் போதும் என்று புரிந்துவிட்டது. புரிய வேண்டியவருக்குப் புரியவில்லை. மொழி தெரியாததுதான் தடை என்று நினைத்துக்கொண்டு, சுருட்டி வைத்திருந்த தாளை மேஜைமேல் விரித்தார்.

அவர் கை நல்ல கை. அதை வேதவல்லி எப்போதும் மறுத்ததில்லை. கம்பெனி மையில், கம்பெனித் தாளில், பாறைக்கு நடுவே ஓர் ஊற்று. அதிலிருந்து இடுப்புவரை எழுந்து நிற்கும் ஒரு பெண், விரித்த கூந்தலில் நீர் சொட்ட. கரையில் ஒரு சின்னக் குழந்தை. பெண்ணின் இரண்டு கைகளும் அந்தக் குழந்தையை நோக்கி நீண்டிருந்தன. குழந்தைக்கு மாதிரி வேண்டுமே என்று, சுவரில் மாட்டியிருந்த இளநகையின் புகைப்படத்தைப் பார்த்தே வரைந்திருந்தார். அதே சுருட்டை முடி, அதே கவுன்.

போப்பி பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை, அழுகையும் இல்லை. கண்ணேறு கழிப்பது போலத் தன் நெஞ்சுக்குள்ளேயே துப்பிக்கொண்டாள், சிலுவை போட்டாள், தாளைப் பிடுங்கி அடுப்பைப் பற்றவைத்து நெருப்பில் நீட்டினாள். எழில்வேந்தன் "ஐயோ, ஐயோ" என்று கையை நீட்டினார். எரிந்த தாளைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவள் வாசலைக் காட்டினாள்.

"அந்தப் பொம்பள முகத்துக்கே நாலு நாள் ஆச்சு" என்றார் அவர், மாடிக்கு வந்ததும். அவர் சொன்னது படத்தில் இருந்த பெண்ணை.

திங்கட்கிழமை காலை போப்பி கதவைத் திறக்கவில்லை.

இளநகை பனிச்சப்பாத்தும் தொப்பியுமாக நின்று "போப்பி! போப்பி!" என்று தட்டினாள். உள்ளே நடமாட்டம் கேட்டது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. எழில்வேந்தன் அதற்குள் பஸ் பிடித்துப் போயிருந்தார். வேதவல்லி மேலே வந்து ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டு வர முடியாது என்றாள். மேற்பார்வையாளர் பெண்மணி 'சரி' என்ற ஒரு சொல்லோடு தொலைபேசியை வைத்துவிட்டார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிள்ளை இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நேர்முகத்தில் கேட்டவர் அவர்தான். கீழ்வீட்டம்மா இருக்கிறாள், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு முழுவதும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சண்டை, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சண்டை. வீடும் போய், வேலையும் போய், இந்த ஜனவரிக் குளிரில் பெட்டியோடு ஊர்க்கோடியில் வெக்ஸ்போர்ட் பக்கம் வீடு தேடி அலைந்தால், அப்போதும் அந்த இடத்துப் பெயருக்கு வேர் கண்டுபிடிப்பார் இந்த மனுஷர்.

மத்தியானம் குழந்தை தூங்கியதும் அவள் நிலவறைக்கு இறங்கிப் போனாள். போப்பி அங்கேதான் இருந்தாள், துவைப்பதற்கு ஒன்றும் இல்லாமல், துவைக்கும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. கண் வீங்கியிருந்தது.

"நீ கோபம். எனக்குத் தெரியும். அவர் முட்டாள்" என்றாள் வேதவல்லி. போப்பியோடு பேசும்போது அவள் ஆங்கிலமும் போப்பியுடையது போல ஆகிவிடும்.

போப்பி தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. போப்பியின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் கிடையாது. கையும் கண்ணும்தான் வினைச்சொற்கள். என் அசிமீனா, என்றாள். கையைத் தரையிலிருந்து உயர்த்தி ஓர் ஆறு வயதுக் குழந்தையின் உயரத்தைக் காட்டினாள். ஊர். ஊற்று. சூரியன் இங்கே, என்று உச்சந்தலைக்கு நேராக விரலை நிறுத்தினாள். நான் துணி. அசிமீனா விளையாட்டு. நான் திரும்பி… அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நிலவறையில் கொதிகலனும் பழைய சைக்கிளும்தான் இருந்தன. ஆனாலும் வேதவல்லியும் திரும்பிப் பார்த்தாள்.

ஊரில் எல்லோருக்கும் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியும். பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல சீமாட்டிகள் என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் கேட்கும். கேட்டால் வருவார்கள். நீ படித்தவள், சிரிப்பாய், என்றாள் போப்பி. நான் கப்பலில் வந்தேன். இத்தனை தண்ணீர் தாண்டி. அவர்களுக்கு இந்த வீடு தெரியாது என்று நினைத்தேன். இப்போது அவர் கூப்பிட்டார், ஒரு தரம், இரண்டு தரம், பத்துத் தரம். என் கூக்லா, என் பொம்மை இளநகையின் படத்தையும் போட்டுக் காட்டினார். குழந்தை என் கையில் இருக்கக் கூடாது. என் கையைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

வேதவல்லி சிரிக்கவில்லை. போப்பி தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். குழிக்குழியாகத் தழும்புகள், இவ்வளவு நாளும் பார்த்தும் பார்க்காதது போல இருந்தவைதான். இதற்கு எங்கள் பாஷையில் எவ்லொயா, என்றாள். சர்ச்சில் பாதிரியார் கை உயர்த்திக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஆசீர்வாதம். ஏன்? நல்ல பேர் வைத்தால் நல்லபடியாகப் போய்விடும்.

வேதவல்லிக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் படுத்திருந்த அறை வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. 'அம்மா எறங்கியிருக்கா' என்று வந்தவர்களிடம் மெதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு நாள், 'அம்மா கூட்டிக்கிட்டா' என்றார்கள். அவன் போனான் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நோயின் ஆங்கிலப் பெயரும், அந்தக் கிருமியின் லத்தீன் பெயரும் அவளுக்குத் தெரியும். ஆய்வுக்கூடப் படிப்பில் மனப்பாடம் செய்த பெயர்கள்தான். ஆனால் போப்பியிடம் அவை உதவாது. தன் நெஞ்சைத் தொட்டு, "என் தம்பி" என்றாள். போப்பியின் கன்னத்தைக் காட்டினாள். "எங்கள் வீட்டில் அதை அம்மா என்போம்."

"அம்மா?"

"மாமா" என்றாள் வேதவல்லி, கிரேக்கத்தில்.

போப்பி வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, நாளைக்குக் குழந்தையைக் கொண்டு வா, என்றாள். ஆனால் அவர் இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. வீட்டில் இல்லை, எங்கேயும் இல்லை. குழந்தை எங்கே இருக்கிறாளோ அங்கே இல்லை.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் வேதவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். எழில்வேந்தன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முகம் வாடியது. ஆறு வயசா, என்றார். பாவம், என்றார். பிறகு நிமிர்ந்தார். கண்ணில் அகராதியைப் புரட்டும்போது வரும் அதே பளபளப்பு.

"உச்சி வெயில்லயா? நடுப்பகல்னா சொன்னாங்க? வேதா, நம்ம மலைத்தெய்வம் சூரர மகளிரும் உச்சிப் பொழுதுலதான்…"

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் அப்படியே போட்டாள். குழம்பு தெறித்தது.

"ஒங்களுக்கு மனுஷங்களே தெரிய மாட்டாங்களா? ஒரு பொம்பள புள்ளையப் பறிகுடுத்துட்டு அழுதுக்கிட்டு நிக்கிறா. அவ கண்ணீருக்கும் வேர்ச்சொல் தேடுவீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல…"

"அந்த வார்த்தய எடுத்துருங்க. பேச்சுல வேண்டாம்."

"அது எப்படி முடியும்? அதுதான் அடித்தளம். அத எடுத்தா மேல ஒண்ணும் நிக்காது." கட்டட வரைபடத்தைப் பற்றிப் பேசுவது போலவே சொன்னார். குரல் தணிந்திருந்தது. "பதினாலு மாச உழைப்பு வேதா."

அந்த வாரம் முழுவதும் இருவருக்கும் இடையில் உப்பு, சட்டை, பஸ் பாஸ் தவிர வேறு பேச்சு இல்லை.

விழா ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் நடந்தது. மின்அடுப்பில் பால் பொங்கி, எல்லோரும் கையைத் தட்டி, குழந்தைகள் இரண்டு பாட்டுப் பாடினார்கள். போப்பியும் வந்திருந்தாள். வேதவல்லி அழைக்கவில்லை. தண்ணீர்ப்பெண்களைப் பற்றிப் பேசும் இடத்துக்குக் குழந்தை போகிறாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, கறுப்பு உடுப்பும் முத்துத் தோடுமாக வாசலில் வந்து நின்றவளை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கண்ணேறு படாமலிருக்க இளநகையின் சட்டையில் ஒரு நீலக்கண் மணியைக் குத்திவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

எழில்வேந்தன் மேடையேறி விளக்கத் தாள்களைச் சட்டத்தில் மாட்டும்வரை வேதவல்லிக்கு அது தோன்றவில்லை. பெரிய பெரிய தாள்கள். ஒவ்வொன்றிலும் மேலே தமிழில் ஒரு சொல்; கீழே அதற்கு நேரான கிரேக்கச் சொல், அழகான கிரேக்க எழுத்தில், கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில். போப்பிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கிரேக்கம் படிக்கத் தெரியும்.

பாணன் வந்தான், போனான். கலைத்தெய்வங்கள் வந்தார்கள். தன் சொந்தப் பெயரைத் தாளில் பார்த்துப் போப்பி வெட்கத்தோடு சிரித்து, குழந்தைக்கும் காட்டினாள். வேதவல்லி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். எழுந்து போய் அந்தச் சட்டத்தையே தள்ளிவிடலாமா என்று நினைத்தாள். எழில்வேந்தன் அடுத்த தாளின் மூலையைப் பிடித்தார். ஒரு கணம் அவர் பார்வை மூன்றாம் வரிசைக்கு வந்தது. தாள் புரண்டது. வந்தது எதிரொலியின் பெண்தெய்வம், எக்கோ. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு புரண்டனவா, அவர்தான் சேர்த்துப் புரட்டினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடுவே ஒரு பள்ளம் விழுந்த பேச்சு அதற்குமேல் நிமிரவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் சிவஞானசுந்தரம் எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், எதையும் முழுதாகப் படித்துவிட்டு வருபவர்.

"தம்பி, நல்லாத்தான் பேசினனீர். ஆனா நோட்டீசில நீரர மகளிர் எண்டு பெரிசாப் போட்டிருந்தனீர். நான் உதைக் கேக்கத்தான் முக்கியமா வந்தனான். அதைக் காணேல்லையே?"

"அது… அத இங்க சொல்ல வேண்டாம்னு…"

"ஏன் சொல்லக் கூடாது?"

எழில்வேந்தன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவங்க பேரச் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

மண்டபம் ஒரு கணம் விழித்தது. பிறகு பின்னாலிருந்து யாரோ, "ஏன் சார், வந்துருவாங்களா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பகுத்தறிவு பேசித் திரிந்தவருக்குப் பேய் பயமா என்று இன்னொருவர் கேட்டார். மறுபடி சிரிப்பு. அவரால் காரணத்தைச் சொல்லியிருக்க முடியும். கீழ்வீட்டு அம்மாவின் கதையைச் சொன்னால் மண்டபம் அடங்கியிருக்கும், அழுதுகூட இருக்கும். அப்படியே அந்தச் சொல்லும் நிரூபணமாகியிருக்கும். அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். பேச்சை மாற்றி எழுத ஒரு வாரம் இருந்ததே, இப்படி நின்று வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டுமா என்று வேதவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிரித்தவர்களையும் அறைய வேண்டும் போலிருந்தது. யாரை முதலில் என்றுதான் தெரியவில்லை.

"ஏன் சிரிப்பு?" என்று போப்பி அவள் காதில் கேட்டாள்.

"வேடிக்கையாக ஒன்று சொன்னார்."

போப்பியும் சிரித்தாள், மரியாதைக்கு. ஓங்கிக் கையும் தட்டினாள்.

சர்க்கரைப் பொங்கலுக்குக் கூட்டம் நகர்ந்தது. மேடையில் அவர் தனியாகத் தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுக்கு பெரிதாக இருந்ததால் ஒரு பக்கம் சுருட்டினால் மறுபக்கம் அவிழ்ந்துகொண்டது. போப்பி குழந்தையை வேதவல்லியிடம் கொடுத்துவிட்டு, அவள் தடுப்பதற்குள் மேடைக்குப் போய் அடுக்கின் மறுமுனையைப் பிடித்தாள். ஏதோ சொல்லிக்கொண்டே விளிம்புகளைத் தட்டி நேராக்கினாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே சுருட்டினார். இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து மெதுவாக நெருங்கி வந்தார்கள். ஒரு கையில் இளநகையையும் மறு கையில் பனிச்சப்பாத்துகளையும் வைத்துக்கொண்டு நின்ற வேதவல்லிக்கு அவருடைய இடது கை மட்டும் தெரிந்தது. சேர்ந்தே புரண்ட அந்த இரண்டு தாள்களின் மூலையை அந்தக் கையின் கட்டைவிரல், நகம் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்தது.